நத்தத்து ஞாயிற்றுக்கிழமைகள்

நத்தம் வட்டாரத்தில் சமூக அறிவியல் பட்டம் நெடுங்காலமாகக் கல்லூரிக்குப் போக இயலாதவர்களின் பட்டமாகவே இருந்து வந்திருக்கிறது. வரலாறு, பொருளியல், அரசியல் அறிவியல், சமூகவியல், பொது நிர்வாகம் முதலிய, மனிதர் கூடி வாழும் முறையை ஆராயும் துறைகளைப் பல்கலைக்கழகங்கள் சமூக அறிவியல் என்ற பொதுப்பெயரால் குறிக்கின்றன. இவற்றுக்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை, பாடத்தைத் தபாலிலேயே அனுப்பிவிடலாம் என்பதால், அஞ்சல்வழிக் கல்வி தொடங்கிய நாளிலேயே இவை முன்வரிசையில் இடம்பெற்றன. சிறுமலைக்கும் கரந்தமலைக்கும் இடையே, திண்டுக்கல்லிலிருந்தும் மதுரையிலிருந்தும் ஏறக்குறைய ஒரே தொலைவில் அமைந்த இந்த ஊரிலிருந்து தினமும் பேருந்தில் போய்வர வீட்டில் இசைவும் பணமும் இருந்தவர்கள் கணிதம், வேதியியல், வணிகவியல் என்று சேர்ந்தார்கள். வீட்டை விட்டு நகர முடியாத பெண்களும், பத்தாம் வகுப்போடு தையல் எந்திரத்துக்கோ மாந்தோப்புக்கோ போய்விட்டுப் பின்னர் படிக்க விரும்பியவர்களும், அரசுப் பணியில் கடைநிலையில் நுழைந்து பதவி உயர்வுக்காகப் பட்டம் தேடியவர்களும், ஊரார் ‘கரஸ்’ என்று சொல்லும் படிப்புக்கு வந்து சேர்ந்தார்கள்.

வகுப்பறைக்கு வராதவருக்கும் பட்டம் தரலாம் என்பதை 1858-இலேயே இலண்டன் பல்கலைக்கழகம் நடைமுறைப்படுத்திவிட்டது. வெளிநிலைப் பட்டம் எனப்பட்ட அந்த முறையில் எங்கே படித்தாலும் தேர்வை எழுதினால் போதும் என்பதால், 1921-இல் கொழும்பில் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரியின் மாணவர்களும் இலண்டன் தேர்வுகளையே எழுதினார்கள். இந்தியாவில் 1962-இல் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது, 1966-இல் தெ.பொ. மீனாட்சிசுந்தரனாரை முதல் துணைவேந்தராகக் கொண்டு உருவான மதுரைப் பல்கலைக்கழகம், தான் பிறந்து ஐந்தே ஆண்டுகளில், 1971-இல், அதே வழியில் இறங்கியது. 1978-இல் காமராசர் பெயரைப் பெற்ற அப்பல்கலைக்கழகத்தின் பாடக்கட்டுகள்தாம் நத்தத்துத் தபால்காரர் மிதிவண்டியில் வந்த முதல் கல்லூரி. 1985-இல் திண்டுக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்த பின்னும் பட்டத்துக்கு மதுரையையே ஊர் நம்பியிருந்தது. அதே ஆண்டில் தோன்றிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவும், 2002-இல் சென்னையில் அமைந்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் பின்னர் அந்த நம்பிக்கையில் பங்கு கேட்டன.

இன்று இந்தப் படிப்பு இரண்டு வழிகளில் கிடைக்கிறது. இரண்டையும் ஒன்றென எண்ணிப் பணம் கட்டுவோர் மிகப் பலர். பல்கலைக்கழக மானியக் குழு 2020 செப்டம்பரில் வெளியிட்ட ஒழுங்குமுறை விதிகள் இவற்றைத் தனித்தனியே வரையறுக்கின்றன. தொலைநிலைக் கல்வியில் அச்சிட்ட பாடநூலும், கற்போர் உதவி மையமும், விடுமுறை நாள்களில் ஆசிரியரை நேரில் சந்திக்கும் வகுப்புகளும் உண்டு. மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்று தன் மாநில எல்லைக்கு உள்ளேதான் இதை நடத்தலாம். இணையவழிக் கல்வியிலோ காணொளிப் பாடம், மின்வடிவப் பாடநூல், கலந்துரையாடல், மதிப்பீடு என்ற நான்கும் இணையத்திலேயே நடக்கின்றன. அதற்கு எல்லை கிடையாது. எங்கோ வடமாநிலத்திலுள்ள தனியார் பல்கலைக்கழகத்தின் விளம்பரம், கோபால்பட்டியில் பேருந்துக்கு நிற்பவர் கைபேசியில் வந்து விழுவதற்கு இதுவே காரணம். இவ்விரு வழிகளிலும் முறையான ஏற்பு பெற்ற நிறுவனம் தரும் பட்டம், நேரில் படித்துப் பெறும் பட்டத்துக்கு இணையானது என்று 2022 செப்டம்பரில் மானியக் குழு தெளிவுபடுத்தியது. சட்டம் இதோடு பேச்சை முடித்துக்கொள்கிறது. ஆனால் வாங்கும் பட்டத்தால் எந்த வேலைக்கு, எந்த மேற்படிப்புக்கு வழி திறக்கும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ஆலோசனை என்ற வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இக்கட்டுரையாசிரியர் ஆசிரியப் பணியில் இருந்த காலத்திலும் அதற்குப் பின்னரும், ஞாயிற்றுக்கிழமைகளில், நத்தம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் பின்கட்டில் மேசை போட்டு அமர்ந்து, இத்தகைய படிப்பில் சேர வருவோருக்கு வழிசொல்லி வந்தார். கட்டணம் இல்லை, பலகையும் இல்லை. கடைக்காரரே ஆளைப் பிடித்து உள்ளே அனுப்புவார். செந்துறையிலிருந்தும் சாணார்பட்டியிலிருந்தும், மாவட்ட எல்லையைத் தாண்டிக் கொட்டாம்பட்டியிலிருந்தும் வந்தவர்கள் பெரும்பாலும் கேட்ட முதல் கேள்வி ஒன்றே: “சார், எதுல சேந்தா ஈசியா பாஸ் பண்ணலாம்?” பாடத்தைப் பற்றிய கேள்வி அரிதாகவே வந்தது, பல்கலைக்கழகத்தின் பெயரைக்கூட, முன்பே சேர்ந்த அக்காவோ அண்ணனோ சொன்னதைக் கேட்டு முடிவுசெய்துகொண்டு வருவார்கள். வரலாறு என்றால் கதைபோல் எழுதிவிடலாம், பொருளியலில் கணக்கு வரும், சமூகவியல் யாரும் படிக்காதது என்று ஊரில் நிலவிய மூன்று எண்ணங்களின்மீதே பெரும்பாலோர் தம் மூன்றாண்டுகளைப் பணயம் வைத்தார்கள். அந்தக் கேள்வியை ஏளனம் செய்வது எளிது; ஆனால் பகல் முழுக்க உழைத்துவிட்டு இரவில் ஒரு மணி நேரம் மட்டுமே மிஞ்சும் ஒருவர், தோற்றால் மறுகட்டணம் யார் தருவார் என்று எண்ணிப் பார்ப்பதில் நியாயம் உண்டு. ஆகவே அந்த மேசையில் அக்கேள்விக்கு உடனே விடை சொல்லப்படவில்லை, மறுக்கப்படவும் இல்லை. பட்டத்தை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்ய எண்ணம் என்ற பதில்கேள்வி மட்டும் எழுந்தது.

இப்பதில்கேள்விக்கு வந்த விடையைப் பொறுத்துப் பாடமே மாறிவிடும் என்பதைப் பலர் அங்கேதான் முதன்முதலாக அறிந்தார்கள். ஆசிரியராக வேண்டும் என்று சொன்ன ஒரு பெண் சமூகவியலில் சேரப் படிவத்தை நிரப்பியே கொண்டுவந்திருந்தார். தமிழ்நாட்டில் பி.எட். எனப்படும் ஆசிரியர் கல்விப் பட்டத்துக்கான சேர்க்கை விதிகளில், இளங்கலையில் வரலாறோ புவியியலோ படித்தவர் அதைக் கொண்டே சேரலாம்; பொருளியல், அரசியல் அறிவியல், சமூகவியல் போன்ற பாடங்களைப் படித்தவரோ அதே பாடத்தில் முதுகலையும் முடித்திருக்க வேண்டும். மூன்றாண்டு என்று நினைத்தது ஐந்தாண்டாக நீளும் என்பது அந்தப் படிவத்தில் எங்கும் அச்சிடப்படவில்லை. அவர் வரலாற்றுக்கு மாறினார். சமூகவியலை விட்டதில் அவருக்கு வருத்தம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை, ஏனெனில் அந்தப் பாடம் எதைப் பற்றியது என்று அதுவரை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அரசுப் பணியை நாடியவர்களுக்கு வேறொரு கணக்கு இருந்தது. பத்தாம் வகுப்பு, மேல்நிலை இரண்டாண்டு, அதன்பின் பட்டம் மூன்றாண்டு என்ற வரிசையில் படித்திருப்பதையே அரசு வேலைவாய்ப்பு எதிர்பார்க்கிறது. ஒரு காலத்தில் மேல்நிலைப் படிப்போ இளங்கலையோ இல்லாமலே வயதை மட்டும் தகுதியாகக் கொண்டு திறந்தநிலை முறையில் நேரடியாகப் பட்டம் வாங்க முடிந்தது. அப்படி வாங்கிய பட்டங்கள் அரசுப் பணிக்கு ஏற்கப்பட மாட்டா என்று 2009 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு ஆணை பிறப்பித்தது. அடிப்படைப் பட்டம் இல்லாமல் பெற்ற திறந்தநிலை முதுகலை குறித்து உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டில் அதே நோக்கில் தீர்ப்புச் சொன்னது. இவ்வாணை வந்து பல ஆண்டுகளுக்குப் பின்னும், பத்தாம் வகுப்புக்கு மேல் நேராக எம்.ஏ. முடித்திருந்த ஒருவர், சான்றிதழ்களை நெகிழி உறையில் அழகாக அடுக்கிக்கொண்டு அந்த மேசைக்கு வந்தார். அவருக்குச் சொல்ல முடிந்தது ஒன்றே: மேல்நிலைத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதிவிட்டு, இளங்கலையிலிருந்து மீண்டும் தொடங்குவது. அவர் தொடங்கவில்லை. அவரைக் குறை சொல்வதற்கில்லை.

மகள் கல்லூரிக்குப் போனாலென்ன, கரஸில் சேர்ந்தாலென்ன, எல்லாம் ஒன்றுதானே என்று கேட்ட பெற்றோர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. தொலைநிலையிலும் திறந்தநிலையிலும் படிப்போர் அதன் பயனாளிகள் அல்லர். நேரில் படிக்க அனுப்பினால் பேருந்துச் செலவு ஆகும் என்று தயங்கிய ஒரு தந்தை, இந்த விவரம் தெரிந்ததும், “அப்ப அனுப்பிச்சிர வேண்டியதுதான் சார்” என்று எழுந்தார். திண்டுக்கல்லில் அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது. அந்த மேசை ஆளைச் சேர்க்காமல் திருப்பி அனுப்பியதைத் தன் வெற்றியாகவே கருதியது. இயன்றவர் கல்லூரிக்கே போகட்டும், இயலாதவருக்கே இந்த வழி என்பதில் இக்கட்டுரையாசிரியருக்கு அன்றும் இன்றும் ஐயமில்லை.

உளவியல் விரும்பி வந்தவர்களின் நிலை அண்மையில் இன்னும் சிக்கலாயிற்று. மனநல ஆலோசகராக வேண்டும் என்ற ஆசை, கைபேசிக் காணொளிகளின் வழியே இப்பகுதிப் பெண்களிடம் பரவியிருந்தது. பல பல்கலைக்கழகங்கள் அதை வீட்டிலிருந்தே படிக்கும் பாடமாக விற்கவும் செய்தன. 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த, மருத்துவம் சார்ந்த துணைத் தொழில்களுக்கான தேசிய ஆணையத்தின் வரம்புக்குள் வரும் பாடங்களைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என மானியக் குழு 2025-இல் அறிவித்து, அவ்வாண்டு ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலையும் நிறுத்தியது. தடை சரியானதே, மனிதரின் மனத்தில் கைவைக்கும் தொழிலை மேற்பார்வையின்றி, பயிற்சியின்றிக் கற்றுத்தர இயலாது. ஆனால் அந்த ஆசையோடு வந்தவர்களிடம் சமூகப் பணி, சமூகவியல் என்று மாற்று சொன்னபோது, சமூகப் பணிப் படிப்பிலும் களப்பணி என்ற பெயரில் நிறுவனங்களுக்கும் ஊர்களுக்கும் நேரில் போய் வேலைசெய்யும் பகுதி உண்டு என்றதும் பலர் பின்வாங்கினார்கள். வீட்டை விட்டு வெளியே போக முடியாததால்தானே இந்தப் படிப்பு என்று ஒருவர் கேட்டதற்கு விடை கிடைக்கவில்லை.

பாடம் முடிவானபின் தாள்களின் பாடு. இணையவழியிலோ தொலைநிலையிலோ சேரும் ஒவ்வொருவரும் மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவில் தம் பெயரைப் பதிந்து ‘டெப் ஐடி’ என்ற அடையாள எண் பெறுவது 2024-இலிருந்து கட்டாயமானது. அதற்கு முன், மாணவர் பெறும் கிரெடிட்டுகளை, அதாவது படிப்பின் அளவைக் குறிக்கும் அலகுகளைச் சேமித்துவைக்கும் தேசியக் கணக்கான ‘ஏபிசி ஐடி’ வேண்டும். அதற்கும் முன் ஆதார். சங்கிலியின் இந்த முதல் கண்ணியில்தான் நத்தத்துப் பெண்களின் படிப்பு அடிக்கடி அறுந்தது. மதிப்பெண் பட்டியலில் முதலெழுத்து பெயருக்கு முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும் அல்லது இல்லாமலே போயிருக்கும். திருமணத்துக்குப்பின் அட்டை மாற்றியவருக்குத் தந்தையின் எழுத்துப் போய்க் கணவரின் எழுத்து வந்திருக்கும். கணினிக்கு இவர்கள் மூன்று வேறு ஆள்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும், கடவுச்சொல் போய்ச் சேரும் கைபேசி எண் திருப்பூரில் வேலைசெய்யும் அண்ணனுடையதாக இருக்கும். கடை வாசலில் நின்று அண்ணனுக்குப் பேசி, அவர் பனியன் கம்பெனியில் எந்திரத்தின் இரைச்சலுக்கு இடையே ஆறு இலக்கங்களை வாசித்துச் சொல்வதற்குள் நேரம் கடந்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது எத்தனையோ முறை. சமூக அறிவியல் சொல்லும் ‘பாலினப் பாகுபாடு’ என்ற தொடரை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் விளக்கியதில்லை. முதல் வேலையாக இ-சேவை மையத்துக்குப் போய்ச் சொந்தக் கைபேசி எண்ணை ஆதாரில் சேர்க்கச் சொல்வது, காலப்போக்கில் அந்த மேசையின் நிலையான முதல் அறிவுரையாக அமைந்துவிட்டது.

இடைத்தரகர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஒரே ஆண்டில் பட்டம், தேர்வுக்கு வரவே வேண்டாம் என்று சொல்லிப் பணம் வாங்கியவர்கள் எல்லா ஊர்களிலும் போல இங்கும் இருந்தார்கள். அவர்களிடம் ஏமாந்தவர்கள் படிப்பில்லாதவர்கள் அல்லர். பதவி உயர்வுக் காலக்கெடு நெருங்கிய அலுவலர்களே மிகுதி. அரசுப் பணியில் இருப்பவர் படிப்பில் சேருமுன் தம் துறையின் அனுமதியைப் பெற வேண்டும் என்பதும், பட்டம் வந்தபின் அது மெய்யானதா என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதி ‘உண்மைத்தன்மைச் சான்று’ வாங்குவார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரிந்தவையே. தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்தில், எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பாடம், எந்தப் பருவம், எந்த வழி என்ற நான்கும் ஒரே வரியில் பொருந்தியிருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்துச் சான்றிதழ்களோடு வைத்துக்கொள்வது ஒன்றே காப்பு. ஜெராக்ஸ் கடைக்காரருக்கு இந்த அச்சில் கிடைத்த இரண்டு ரூபாய்தான், அந்தப் பின்கட்டுக்கு அவர் பெற்ற வாடகை.

சேர்ந்தபின் நடக்க வேண்டியது படிப்பு. இக்னோவின் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேர உழைப்பு. ஆறு கிரெடிட் உள்ள ஒரு தாளுக்கு 180 மணி நேரம். இரவு ஒன்பதரைக்குப் பாத்திரம் கழுவி முடித்து உட்காரும் பெண் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினாலும், ஒரு தாளை முடிக்க அரையாண்டு ஆகும் என்ற கணக்கைத் தாளில் போட்டுக் காட்டியபோது, ஒரே பருவத்தில் எல்லாவற்றையும் எழுதித் தள்ளிவிடலாம் என்ற எண்ணம் அடங்கியது. மூன்றாண்டு இளங்கலையை முடிக்க அங்கே ஆறாண்டு வரை காலம் தருகிறார்கள் என்பதைச் சொல்லி, பாதித் தாள்களை அடுத்த பருவத்துக்குத் தள்ளச் சொன்னதில் தோல்வி குறைந்தது. இறுதி மதிப்பெண்ணில் 30 விழுக்காடு வீட்டில் எழுதி ஒப்படைக்கும் ஒப்படைப்புகளுக்கு உண்டு. ஆனால் விடை எழுதிய ஒப்படைப்புகளைக் கைபேசியில் விலைக்கு வாங்கி, அப்படியே பார்த்தெழுதி அனுப்புவது பரவலான வழக்கமாயிருந்தது. எழுதிய கைக்குக்கூட என்ன எழுதினோம் என்று தெரியாத அந்தத் தாள்களைப் புரட்டியபோதுதான், வழிசொல்லி அனுப்புவதோடு வேலை முடியவில்லை என்பது உறைத்தது. ஞாயிறு மாலையில், சேர்ந்தவர்களைக் கூட்டி வைத்து ஒரு பாடத்தை உரக்கப் படிக்கும் வழக்கம் அப்படித்தான் தொடங்கியது.

அந்தக் கூட்டங்களில் ஒன்று இன்றும் நினைவில் துலக்கமாக நிற்கிறது. ஐரோப்பிய வரலாற்றில், தொழிற்புரட்சிக்கு முன் நிலவிய வீட்டுத் தொழில்முறையைப் பற்றிய பாடம்: வணிகர் கம்பளியைக் கிராமத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்பி, பெண்கள் நூற்றதைத் திரும்பப் பெற்று, எடைக்கு அல்லது எண்ணிக்கைக்குக் கூலி கொடுத்தார், எந்திரமும் இடமும் தொழிலாளியினுடையவை, சரக்கும் விலையும் வணிகருடையவை. அதைப் படித்துக் காட்டியவர், சட்டை தைக்கும் ஒரு பெண். நத்தத்தில் ஆயத்தச் சட்டைத் தையல் பெரிய தொழில். வெட்டிய துணியைக் கட்டுக்கட்டாக வீடுகளுக்கும் சிறு பட்டறைகளுக்கும் கொடுத்து, காலருக்கு இவ்வளவு, காஜாவுக்கு இவ்வளவு, பட்டனுக்கு இவ்வளவு என்று பீஸ் கணக்கில் கூலி தரும் முறை இங்கு நெடுநாளாக உண்டு. அந்தப் பாடத்தை மூன்று மாதமாக மனப்பாடம் செய்து, தேர்வுக்கு ஐந்து குறிப்புகளும் தயாராக வைத்திருந்தார் அவர். படித்துக் கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்தி, “இது நம்ம பீஸ் ரேட்டுதான சார்?” என்றார். ஆமென்றதும், கரண்ட் பில் யார் கட்டினார்கள் என்று கேட்டார். அக்காலத்தில் கரண்ட் இல்லை, விளக்கெண்ணெய்ச் செலவு அவர்களுடையதாகத்தான் இருந்திருக்கும் என்று விடை சொல்லப்பட்டது. பாடநூலில் இல்லாத நல்ல கேள்வி அது. உற்பத்திச் செலவை முதலாளியிடமிருந்து தொழிலாளியின் வீட்டுக்கு மாற்றுவது என்று பொருளியலார் விரிவாக எழுதும் விஷயத்தை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்கட்டணம் கட்டுபவர் ஒரு வாக்கியத்தில் கேட்டுவிட்டார்.

பொருளியல் படித்தவர்களுக்கு மாந்தோப்புக் குத்தகை கைகொடுத்தது. விளைச்சல் தெரியுமுன்பே விலை பேசி முன்பணம் கொடுக்கும் அந்த ஏற்பாட்டில் இடரைச் சுமப்பவர் யார் என்ற வினாவுக்கு, “பூவப் பாத்துப் பேசுனா ஒரு வெல, பிஞ்சப் பாத்துப் பேசுனா ஒரு வெல சார், மழ பேஞ்சு பூ கொட்டுனா எடுத்தவன் பாடு” என்று செந்துறைப் பக்கத்து இளைஞர் ஒருவர் தந்த விளக்கம், நிச்சயமின்மையின் விலை என்ற கருத்தை முழுமையாகச் சொல்லிவிட்டது. வரலாற்று மாணவர்களுக்கு ஊரே பாடமாயிற்று. 1755-இல் ஆற்காட்டு நவாபுக்காக மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் வரி தண்டப் படையோடு வந்த ஆங்கிலேய அதிகாரி கர்னல் ஹெரான், கோவில்குடிக் கோயிலின் திருமேனிகளை அள்ளிக்கொண்டு திரும்பும் வழியில், நத்தம் கணவாயில் கள்ளர்கள் மறித்துத் தாக்கி அவற்றை மீட்டார்கள்; இராபர்ட் ஓர்ம் எழுதிய போர் வரலாற்றில் இது விரிவாகவே பதிவாகியுள்ளது. கர்நாடகப் போர்களை ஆண்டுகளின் பட்டியலாகப் படித்துக் களைத்தவர்களுக்கு, தாங்கள் நாள்தோறும் கடக்கும் மலையடிவாரச் சாலை அந்தப் பட்டியலுக்குள் இருப்பது வியப்பாயிருந்தது. அதன்பின் பட்டியலும் சற்று நன்றாக நினைவில் நின்றது.

சமூகவியலில் இந்த வழி எச்சரிக்கையோடு கையாள வேண்டியதாயிருந்தது. மாசி மாதத்தில் கரந்தமலையிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து தொடங்கி, பூக்குழியும் கழுமரம் ஏறுதலுமாக நடக்கும் நத்தம் மாரியம்மன் திருவிழாவை, சடங்கில் கூடும் மக்கள் தங்கள் ஒற்றுமையைத் தாங்களே உணர்கிறார்கள் என்று 1912-இல் எமில் துர்க்கெய்ம் எழுதிய கோட்பாட்டுக்கு எடுத்துக்காட்டாக வைப்பது எளிது. மாணவர்களும் உற்சாகமாக எழுதினார்கள். யார் கழுமரம் ஏறுகிறார்கள், யாருக்கு எந்த உரிமை, யார் விலகி நிற்கிறார்கள் என்ற அடுத்த கேள்விகளுக்கு வந்தபோது அறை அமைதியாயிற்று. ஒரே மேசையைச் சுற்றிப் பல சாதியினர் அமர்ந்திருந்தார்கள். இணையவழிக் கலந்துரையாடல் பகுதியில் எவரும் எதையும் எழுதிவிடலாம். எதிரே இருப்பவர் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்த இடத்தில் சாதியைப் பற்றிப் பேசுவது வேறு. அன்று பேச்சு அரைகுறையாகத்தான் முடிந்தது. ஆயினும் பாடநூலில் அச்சான வரையறையை விட, அந்த அரைகுறைப் பேச்சில் சமூகவியல் அதிகம் இருந்தது என்பதே இக்கட்டுரையாசிரியரின் மதிப்பீடு.

தேர்வுத்தாள் திருத்துவோர் இவற்றுக்கெல்லாம் மதிப்பெண் தருவார்களா என்ற கவலை மாணவர்களுக்கு இருந்தது, நியாயமான கவலை. உள்தலைப்பும் எண்ணிட்ட குறிப்புகளும் எதிர்பார்க்கும் திருத்தும் முறை உடனே மாறிவிடாது. ஆகவே பாடநூல் குறிப்புகளை முதலில் எழுதி, ஊர் எடுத்துக்காட்டைக் கடைசியில் நான்கு வரியில் சேர்க்கும்படி சொல்லப்பட்டது. தமிழ்வழியில் படித்தவர்களுக்குப் பாடநூலுக்கு வெளியே நல்ல துணைநூல் கிடைப்பது அரிதாயிருந்தது. 2001-இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம், தன் மின்னூலகத்தில் ஏற்றிவைத்த பழைய கல்லூரிப் பாடநூல்கள் அந்தக் குறையை ஓரளவு தீர்த்தன. அவற்றில் புள்ளிவிவரங்கள் பழையவை, தமிழ் நல்ல தமிழ். அருகில் சின்னாளபட்டிப் பக்கம் இருக்கும் காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களைக் கிராமத்தில் தங்கவைத்துக் கற்பிக்கும் மரபு உண்டு. நத்தத்துக் கரஸ் மாணவர்கள் கிராமத்திலேயே தங்கியிருந்தும், அதைப் பாடமாகப் பார்க்கச் சொல்ல ஆள் இல்லாமல் இருந்தார்கள்.

அந்தச் சட்டை தைத்த பெண் வரலாற்றில் பட்டம் பெற்றார். ஆசிரியர் ஆகவில்லை, இப்போது தாமே துணி வாங்கி வெட்டிக் கொடுக்கும் இடத்தில் இருக்கிறார், பீஸ் ரேட்டும் அவரே நிர்ணயிக்கிறார். மாந்தோப்பு இளைஞர் இரண்டு தாள் அரியரோடு நின்றுவிட்டார். ஜெராக்ஸ் கடை கைமாறியது, மேசையும் எடுக்கப்பட்டது. சேர்க்கைப் பருவங்கள் மட்டும் ஆண்டுக்கு இருமுறை, ஜூலையிலும் ஜனவரியிலும், தவறாமல் வருகின்றன, விளம்பரங்களும் வருகின்றன. படிவம் நிரப்பித் தர இ-சேவை மையங்கள் போதுமானவை இருக்கின்றன. பாடத்தைக் கூட இருந்து படிக்கத்தான் ஆள் இல்லை. நத்தத்திலும் சாணார்பட்டியிலும் செந்துறையிலும் ஓய்வுபெற்ற வரலாற்று, பொருளியல் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களில் எவரேனும் ஞாயிறு மாலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்கி, நான்கு நாற்காலி போட இடம் தேடிக்கொண்டால், கேள்விகளை மாணவர்களே கொண்டுவருவார்கள்.